கவசமும் கேடயமும்: டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸில் உங்கள் ஏசி எங்கிருந்து வருகிறது?

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி ஆடும் கதையாட்டம். அதில் கோப்ளின் என்ற குட்டி அரக்கன் உங்கள்மேல் வளைவாளை வீசுகிறது. ஆட்டத்தை நடத்தும் டன்ஜியன் மாஸ்டர் (டிஎம்) இருபது முகப் பகடையை உருட்டுகிறார். 11 விழுகிறது. கோப்ளினின் தாக்குதல் போனஸ் 4, ஆக மொத்தம் 15. "உங்க ஏசி எவ்வளவு?" என்று கேட்கிறார். 16 என்று சொன்னால் தப்பித்தீர்கள். 14 என்றால் அடி விழுந்தது. 15 என்றாலும் அடி விழுந்ததுதான், ஏனென்றால் எண்கள் சமமாக வந்தால் தாக்குபவர் பக்கமே வெற்றி.

ஏசி என்பது ஆர்மர் கிளாஸ். கவசம், கேடயம் பற்றி விதிநூலில் உள்ள அத்தனை பக்கங்களும் இந்த ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கத்தான். புதிதாக ஆட வருபவர்கள் பட்டியலில் பெரிய எண் எங்கே இருக்கிறது என்று தேடி பிளேட் கவசத்தில் போய் நிற்பார்கள். அது தவறான தொடக்கம். முதலில் உங்கள் பாத்திரத்தின் டெக்ஸ்டெரிட்டி, அதாவது சுறுசுறுப்பைக் காட்டும் எண், எவ்வளவு, இரண்டு கைகளிலும் என்ன இருக்கப் போகிறது என்று பாருங்கள். இவ்விரண்டும் தெரிந்துவிட்டால் எந்தக் கவசம் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். இங்கே வரும் எண்களும் விதிகளும் 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின்படி. 2024-இன் திருத்தப் பதிப்பிலும் கவசங்களின் ஏசி எண்கள் அப்படியேதான் இருக்கின்றன.

கவசம் அடியைக் குறைப்பதில்லை

பலர் குழம்பும் இடம் இது. இந்த ஆட்டத்தில் கவசம் போட்டிருப்பதால் 8 புள்ளிக் காயம் 5 ஆகக் குறையாது. அடி பட்டால் முழுக் காயம்தான். கவசம் செய்வதெல்லாம் அடி படாமல் போகும் வாய்ப்பைக் கூட்டுவது. அதனால் "தவறியது" என்று டிஎம் சொன்னால் வாள் காற்றில் போனது என்று மட்டும் பொருளில்லை. மார்புத் தகட்டில் பட்டு வழுக்கியிருக்கலாம், கேடயத்தின் விளிம்பில் மோதித் திரும்பியிருக்கலாம். விதிக்கு எல்லாம் ஒன்றுதான்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். அதே கோப்ளின், போனஸ் 4. உங்கள் ஏசி 13 என்றால் அதற்கு 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். இருபதில் 12 முகங்கள், அதாவது 60 சதவீதம். ஏசி 18 என்றால் இருபதில் 7 முகங்கள், 35 சதவீதம். ஏசி 20 என்றால் வெறும் 5 முகங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஏசி 13-இலிருந்து 15-க்குப் போனால் உங்கள்மேல் படும் அடிகள் 12-இலிருந்து 10 ஆகின்றன, ஆறில் ஒரு பங்கு குறைவு. 18-இலிருந்து 20-க்குப் போனால் 7-இலிருந்து 5, ஏழில் இரண்டு பங்கு குறைவு. கூட்டியது இரண்டிலும் அதே 2 புள்ளிதான், ஆனால் ஏற்கெனவே கவசம் கனத்தவருக்கே அது அதிகம் பயன்படுகிறது. ஆகவே குழுவுக்கு ஒரே ஒரு மந்திரக் கேடயம் கிடைத்தால், முன்வரிசையில் நின்று அடி வாங்குபவரிடம் கொடுப்பதே சரி. இதற்கும் ஓர் எல்லை உண்டு: பகடையில் நேராக 20 விழுந்தால் ஏசி எவ்வளவு இருந்தாலும் அடி படும்.

ஏசி பார்க்காத தாக்குதல்களும் இருக்கின்றன. ஃபயர்பால் மந்திரம் வெடித்தால் டெக்ஸ்டெரிட்டி சேவிங் த்ரோ, அதாவது விலகித் தப்புவதற்கான பகடை, உருட்ட வேண்டும். அங்கே பிளேட் கவசக்காரரும் வெறும் அங்கிக்காரரும் ஒரே தரையில்தான் நிற்கிறார்கள்.

பழைய சாகசநூல்களைக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் இந்த எண் தலைகீழாக ஓடியது. கவசமே இல்லாதவருக்கு 9, பிளேட்டும் கேடயமும் உள்ளவருக்கு 2. எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்புதான் அதைத் திருப்பிப் போட்டது. பழைய நூலில் ஒரு பூதத்துக்கு ஏசி 3 என்று இருந்தால் அது சுலபமான இரை என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்று குடும்பங்கள்

கவசம் இல்லாதபோது ஏசி 10-உடன் டெக்ஸ்டெரிட்டி போனஸைக் கூட்டியது. டெக்ஸ்டெரிட்டி 10 அல்லது 11 என்றால் போனஸ் பூஜ்யம், 14 என்றால் 2, 16 என்றால் 3, 20 என்றால் 5. எட்டோ ஒன்பதோ என்றால் ஒன்று கழியும். கவசம் அணிந்தால் அந்த 10 என்ற அடித்தளம் மாறும். உங்கள் டெக்ஸ்டெரிட்டியில் எவ்வளவு சேர்க்கலாம் என்பதும் மாறும். மூன்று குடும்பங்களின் வேறுபாடே அதில்தான்.

லைட் வகையில் டெக்ஸ்டெரிட்டி போனஸ் முழுவதும் சேரும். பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த பேடட், 5 பொற்காசு, அடித்தளம் 11. லெதர் 10 பொற்காசு, அதற்கும் 11. ஸ்டட்டட் லெதர் 45 பொற்காசு, 12. இதில் பேடட் கவசத்தை வாங்காதீர்கள். அது பதுங்கலைக் கெடுக்கும், லெதர் கெடுக்காது. ஐந்து காசு மிச்சம் பிடிப்பதற்கு அது தகாது.

மீடியம் வகையில் டெக்ஸ்டெரிட்டியிலிருந்து அதிகபட்சம் 2 மட்டுமே சேரும். விலங்குத் தோலாலான ஹைட் 12, 10 பொற்காசு. சட்டைபோல் மார்பை மட்டும் மூடும் செயின் ஷர்ட் 13, 50 பொற்காசு. மீன் செதில்போல் தகடுகளை அடுக்கிய ஸ்கேல் மெயில் 14, அதுவும் 50 பொற்காசு, ஆனால் 45 பவுண்டு எடை. மார்புத் தகடான பிரெஸ்ட்பிளேட்டும் 14தான், விலை 400. ஹாஃப் பிளேட் 15, விலை 750. ஒரே 14-க்கு 50 காசா, 400 காசா என்ற கேள்வி எழும். பிரெஸ்ட்பிளேட் 20 பவுண்டுதான், சத்தமும் போடாது. அந்த 350 காசு அமைதிக்காகக் கொடுப்பது.

ஹெவி வகை டெக்ஸ்டெரிட்டியைக் கண்டுகொள்வதே இல்லை. கூட்டவும் செய்யாது, கழிக்கவும் செய்யாது. ரிங் மெயில் 14, விலை 30. செயின் மெயில் 16, விலை 75, ஸ்ட்ரெங்த் (உடல் வலிமை) 13 வேண்டும். ஸ்பிளின்ட் 17, விலை 200. பிளேட் 18, விலை 1500. கடைசி இரண்டுக்கும் ஸ்ட்ரெங்த் 15 வேண்டும். அந்த அளவு இல்லாமலும் அணியலாம், ஆனால் நடைவேகம் 10 அடி குறையும். 30 அடி ஓடுபவர் 20 அடிதான் ஓடுவார். குள்ளர் இனத்தவருக்கு மட்டும் 2014 விதியில் இதிலிருந்து விலக்கு உண்டு.

இப்போது கணக்குப் போடுங்கள். டெக்ஸ்டெரிட்டி 16 உள்ளவர் ஸ்டட்டட் லெதரில் 15, ஹாஃப் பிளேட்டில் 17. டெக்ஸ்டெரிட்டி 20 ஆனதும் ஸ்டட்டட் லெதரே 17-ஐத் தொட்டுவிடும், ஹாஃப் பிளேட்டின் சத்தமும் 40 பவுண்டும் இல்லாமல். டெக்ஸ்டெரிட்டி 8 உள்ளவர் லெதர் போட்டால் 10, செயின் மெயில் போட்டால் 16. டெக்ஸ்டெரிட்டி 14-இல் நிற்பவர்களுக்கென்றே மீடியம் கவசம் இருக்கிறது என்று சொல்லலாம்.

இதே கணக்கை எதிரிகளிடமும் பார்க்கலாம். கோப்ளினுக்கு ஏசி 15: லெதர் 11, டெக்ஸ்டெரிட்டி 2, கேடயம் 2. ஹாப்கோப்ளினுக்கு 18: செயின் மெயில் 16, கேடயம் 2. ஆகருக்கு வெறும் 11: ஹைட் 12, மந்தமான உடம்புக்கு ஒன்று கழிவு. ஆகரின் உருவத்தைப் பார்த்து எந்த அடியும் அதன்மேல் படாது என்று பயப்பட வேண்டாம். அதை அடிப்பது எளிது, வீழ்த்துவதுதான் கடினம்.

பெயரும் நிஜமும்

ஸ்டட்டட் லெதர் என்றால் இரும்புக் குமிழ்கள் பதித்த தோல். வரலாற்றில் அப்படியொரு கவசத்துக்கு உறுதியான சான்று அரிது. ஐரோப்பியரிடம் இருந்தது பிரிகன்டைன்: வெளியே துணி அல்லது தோல், உள்ளே ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சின்ன இரும்புத் தகடுகள், அவற்றைப் பிடிக்கும் ஆணித் தலைகள் மட்டும் வெளியே தெரியும். ஓவியத்தில் அந்தத் தலைகளைப் பார்த்தவர்கள் வெறும் தோலில் குமிழ் அடித்ததாக எண்ணியிருப்பார்கள் என்பதே கவசம் ஆய்பவர்களிடம் பரவலான கருத்து. தோலில் அடித்த குமிழ் வாளைத் தடுக்காது, உள்ளே இருந்த தகடுதான் தடுத்தது.

ரிங் மெயிலின் கதையும் அப்படித்தான். இடைக்காலச் சித்திரங்களில் வளையங்களை வரைந்த விதம் ஓவியருக்கு ஓவியர் மாறியது. 1824-இல் பண்டைய கவசம் பற்றி நூல் எழுதிய ஆங்கிலேயர் சாமுவேல் ரஷ் மேரிக் அவற்றைத் தனித்தனிக் கவச வகைகளாகப் பிரித்துப் பெயரிட்டார். பின்வந்த ஆய்வாளர்கள் அவற்றில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று கோத்த சாதாரண வளையக் கவசமே என்று முடிவுக்கு வந்தார்கள். பெயர்கள் மட்டும் ஆட்டத்தில் தங்கிவிட்டன.

எதிர்ப்பக்கம், பேடட் கவசத்துக்கு ஆட்டம் அநியாயம் செய்திருக்கிறது. பல அடுக்குத் துணியில் தைத்த கேம்பிசன் ஐரோப்பாவில் சாதாரண வீரர்களின் நம்பகமான காப்பு. இரும்பு வளையக் கவசத்துக்கு அடியிலும் அதுவே அடியின் அதிர்ச்சியைத் தாங்கியது. பிளேட் போட்டால் அசையவே முடியாது என்ற நம்பிக்கையும் பிழை. போர்க்களத்துக்கான முழுக் கவசம் ஏறத்தாழ 15 முதல் 25 கிலோ. அந்த எடை உடல் முழுக்கப் பரவியிருக்கும், பழகியவர் ஓடவும் தானே குதிரை ஏறவும் முடியும். நம் ஆட்டத்தின் 65 பவுண்டு, அதாவது சுமார் 29 கிலோ, சற்றுத் தாராளமான கணக்கு.

கேடயம்: இரண்டு புள்ளி, ஒரு கை

தமிழில் கேடயத்துக்குக் கிடுகு, பரிசை என்று பழைய பெயர்கள் உண்டு. சங்கப் பாடல்களில் 'தோல்' என்றாலே பல இடங்களில் கேடயம்தான். ஆட்டத்தில் ஒரே ஒரு கேடயம்தான் இருக்கிறது: 10 பொற்காசு, 6 பவுண்டு, ஏசிக்கு 2. வட்டமோ நீளமோ, மரமோ இரும்போ, எண் மாறாது. இரண்டு கேடயம் பிடித்தாலும் ஒன்றுக்கு மட்டுமே பலன்.

பத்துக் காசுக்கு 2 ஏசி என்பது பட்டியலிலேயே மலிவான பாதுகாப்பு. ஸ்பிளின்டிலிருந்து பிளேட்டுக்குப் போகும் ஒரு புள்ளிக்கு 1300 காசு ஆகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கு ஒரு கையைக் கொடுக்க வேண்டும். இருகை வாளான கிரேட்ஸ்வோர்ட் இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. ஒருகையில் பிடிக்கும் லாங்ஸ்வோர்ட் ஓர் எட்டுமுகப் பகடை, சராசரி 4.5. இரண்டுக்கும் ஸ்ட்ரெங்த் போனஸ் ஒன்றே, வித்தியாசம் ஒவ்வோர் அடிக்கும் 2.5. போர்வீரர் வகைப் பாத்திரமான ஃபைட்டர் 'டூயலிங்' சண்டைமுறையை எடுத்தால் ஒருகை ஆயுதத்துக்கு 2 கூடும், இடைவெளி அரைப் புள்ளியாகச் சுருங்கும். முதல் நிலையில் அடி வாங்கித் தாங்க வேண்டிய ஃபைட்டருக்கு இந்தச் சேர்க்கையையே பரிந்துரைப்போம்: செயின் மெயில், கேடயம், டூயலிங், ஏசி 18.

வில் எய்பவருக்குக் கேடயம் உதவாது, வில்லுக்கு இரு கையும் வேண்டும். முதலில் அம்பு, எதிரி நெருங்கியதும் கேடயம் என்று திட்டமிட்டால், கேடயத்தை எடுக்க, சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் முக்கியச் செயலான ஒரு முழு ஆக்‌ஷன் போய்விடும். அந்தச் சுற்றில் உங்கள் தாக்குதல் இல்லை.

மந்திரம் போடுபவர்களுக்கு இன்னும் சிக்கல். கை அசைவு தேவைப்படும் மந்திரத்துக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். மதகுரு வகைப் பாத்திரமான கிளெரிக் தன் புனிதச் சின்னத்தைக் கேடயத்தில் பொறித்துக்கொள்ளலாம். பொருள் தேவைப்படும் மந்திரங்களுக்கு அந்தக் கேடயக் கையே அசைவையும் செய்துவிடும். ஆனால் பொருள் தேவையில்லாமல் சொல்லும் அசைவும் மட்டும் உள்ள மந்திரத்துக்கு இந்தச் சலுகை இல்லை. 'க்யூர் வூண்ட்ஸ்' அப்படிப்பட்டது. ஒரு கையில் கதாயுதம், மறுகையில் கேடயம் என்று நிற்கும் கிளெரிக், கதாயுதத்தை இடுப்பில் செருகிவிட்டுத்தான் அதைப் போட முடியும். 'ஹீலிங் வேர்ட்' வெறும் சொல் மட்டும், கைகள் நிறைந்திருந்தாலும் போடலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்கள் 'வார் காஸ்டர்' திறனை எடுக்கிறார்கள்.

'ஷீல்ட்' என்ற மந்திரமும் இருக்கிறது, கேடயத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது எதிரியின் அடி பட்டதும் எதிர்வினையாகப் போடுவது, உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை ஏசிக்கு 5 கூட்டும்.

எண்ணில் தெரியாத விலை

முதலில் பயிற்சி. அது பாத்திரத்தின் வகையைப் பொறுத்தது. மந்திரவாதிகளான விசார்டுக்கும் சார்சரருக்கும் எந்தக் கவசத்திலும் பயிற்சி கிடையாது. பார்டு, வார்லாக், ரோகுக்கு லைட் மட்டும். ரேஞ்சருக்கும் பார்பேரியனுக்கும் லைட், மீடியம், கேடயம். ஃபைட்டரும் பாலடினும் எதையும் அணியலாம். பயிற்சி இல்லாததைப் போட்டுக்கொண்டால் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி சார்ந்த எல்லா உருட்டலிலும் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். அதைவிடக் கொடுமை, மந்திரமே போட முடியாது. "பத்துக் காசுதானே" என்று விசார்டுக்குக் கேடயம் வாங்கிக் கொடுத்தால் அவர் கையைக் கட்டிப் போட்டதாக ஆகிவிடும்.

அடுத்தது சத்தம். பேடட், ஸ்கேல் மெயில், ஹாஃப் பிளேட், ஹெவி கவசம் நான்கும் பதுங்கும்போது டிஸ்அட்வான்டேஜ் தரும். ஸ்டெல்த் (பதுங்கல்) போனஸ் 1 உள்ளவர், 10 பாசிவ் பெர்செப்ஷன் (தேடாமலே கவனிக்கும் திறன்) கொண்ட காவலரைத் தாண்ட 9 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். வாய்ப்பு 60 சதவீதம். ஸ்கேல் மெயிலில் அது 36 சதவீதமாக இறங்கும். குழுவாகப் பதுங்கும்போது டிஎம் குழுச் சோதனை முறையைக் கையாண்டால் பாதிப் பேர் வென்றாலே போதும், ஒரு பாலடினால் எல்லாரும் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நேரம். லைட் கவசம் அணிய 1 நிமிடம், மீடியம் 5, ஹெவி 10. கழற்ற லைட்டுக்கும் மீடியத்துக்கும் 1 நிமிடம், ஹெவிக்கு 5. கழற்ற யாராவது உதவினால் அதில் பாதி. சண்டையின் ஒரு சுற்று 6 நொடி, ஆகவே பத்து நிமிடம் என்பது 100 சுற்று. நள்ளிரவில் முகாமைத் தாக்கினால் பிளேட் கவசக்காரர் சட்டையோடுதான் சண்டை போடுவார். டெக்ஸ்டெரிட்டி 8 என்றால் ஏசி 9. கேடயத்தை மட்டும் ஓர் ஆக்‌ஷனில் எடுத்துவிடலாம், அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குவது நல்ல பழக்கம்.

எடையைச் சாதாரண விதி பெரிதாகப் பொருட்படுத்தாது: ஸ்ட்ரெங்தை 15-ஆல் பெருக்கிய அளவு பவுண்டு தூக்கலாம். ஆனால் உங்கள் டிஎம் விருப்பச் சுமை விதியைப் பயன்படுத்தினால், ஸ்ட்ரெங்தின் ஐந்து மடங்கைத் தாண்டியதும் வேகம் 10 அடி குறையும். ஸ்ட்ரெங்த் 15-க்கு எல்லை 75. பிளேட் 65, கேடயம் 6, லாங்ஸ்வோர்ட் 3, ஆக 74. கயிறும் சாப்பாடும் கழுதைமேல்தான் போக வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

ஏசியைக் கணக்கிடும் வழிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. 'மேஜ் ஆர்மர்' மந்திரம் எட்டு மணிநேரத்துக்கு அடித்தளத்தை 13 ஆக்கி டெக்ஸ்டெரிட்டியைச் சேர்க்கும், ஆனால் கவசம் அணியாதவருக்கு மட்டும். லெதர்மேல் அது ஏறாது. பார்பேரியன் கவசமில்லாமல் 10-உடன் டெக்ஸ்டெரிட்டி போனஸும் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) போனஸும் சேர்ப்பார், கேடயமும் பிடிக்கலாம். ஹெவி கவசம் போட்டால் அவருடைய ரேஜின், அதாவது போர்வெறியின், பலன்கள் போய்விடும். மாங்க் 10-உடன் டெக்ஸ்டெரிட்டி போனஸும் விஸ்டம் (விவேகம்) போனஸும் சேர்ப்பார், கேடயத்தை எடுத்த நொடியில் அதை இழப்பார். ட்ரூயிட் 2014 விதியில் உலோகக் கவசத்தையும் உலோகக் கேடயத்தையும் ஏற்கமாட்டார், அவருக்கு ஹைட்டும் மரக் கேடயமும். 2024 பதிப்பில் அந்தத் தடை நீங்கியது.

மந்திரப் பொருள்களில் ஒரு நுணுக்கம்: 1 கூட்டும் கவசத்தைவிட 1 கூட்டும் கேடயம் ஒரு படி எளிதாகக் கிடைக்கும் வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. மித்ரல் கவசம் சத்தத்தையும் ஸ்ட்ரெங்த் தேவையையும் நீக்கும். அடமன்டைன் கவசம் உங்கள்மேல் விழும் கிரிட்டிக்கல் அடியை, அதாவது கூடுதல் காயம் தரும் அடியை, சாதாரண அடியாக்கும். ஏசி இரண்டிலும் உயராது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள், பதுங்க முடிகிற பிளேட் என்பது சின்ன விஷயம் அல்ல.

வேறு ஆட்டத்துக்குப் போகும்போது இந்தக் கணக்கை அப்படியே கொண்டுபோக வேண்டாம். 1978-இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற பாத்திர ஆட்டத்தில் கவசம் உறுப்புக்கு உறுப்பு காயத்தையே கழிக்கும். ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் கவச எண் காயத்தைக் குறைக்கும், 80 சதவீதத்தோடு நின்றுவிடும். இன்னொரு வீடியோ கேமான எல்டன் ரிங்கில் சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருண்டு தப்புவது மந்தமாகிவிடும். பாத்ஃபைண்டர் என்ற பாத்திர ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் கேடயத்தை ஒவ்வொரு முறையும் ஓர் ஆக்‌ஷன் செலவழித்து உயர்த்தினால்தான் ஏசி கூடும். அதில் அடியையும் தடுக்கலாம்: எஃகுக் கேடயத்தின் உறுதி 5, ஆகவே 9 புள்ளி அடியில் 5 போக மீதி 4 உங்களுக்கும் விழும், கேடயத்துக்கும் விழும். கேடயத்தின் ஆயுள் 20, பத்துக்கு இறங்கினால் உடைந்ததாகக் கணக்கு. மூன்றாவது அடியில் அது பயனற்றுப் போகும்.

பாத்திரத் தாளை நிரப்பும்போது ஏசி கட்டத்தில் வெறும் 18 என்று எழுதாதீர்கள். பக்கத்தில் சின்னதாகப் பிரித்து எழுதுங்கள்: ஸ்கேல் 14, டெக்ஸ் 2, கேடயம் 2. நடுச்சண்டையில் கேடயம் கைநழுவினாலும், நள்ளிரவில் கவசமில்லாமல் எழ நேர்ந்தாலும், டிஎம் "ஏசி எவ்வளவு?" என்று கேட்ட உடனே சொல்லிவிடலாம்.